அத்தியாயம் 7: படத்திலிருந்து எண்ணுக்கு

ஸ்பெக்ட்ரோகிராமைப் பார்த்து "இது செம்போத்து, அது ஆள்காட்டி" என்று சொல்லப் பழகியவர்கள் அடுத்தபடியாகக் கேட்பது, "இதை எப்படி அளப்பது?" என்றுதான். எவ்வளவு நேரம் கூவியது, எந்த அதிர்வெண்ணில் தொடங்கி எதில் முடித்தது, குரலின் வலு எங்கே குவிந்திருந்தது என்பதெல்லாம் எண்ணாகக் கைக்கு வந்தால்தான் கேளம்பாக்கம் கூட்டுரோட்டில் எடுத்த பதிவையும் உப்பளத்துக்கு நடுவில் எடுத்த பதிவையும் ஒப்பிட்டுப் பேச முடியும். மென்பொருளில் ஒரு செவ்வகம் இழுத்தால் எண் வந்துவிடும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த எண் ஒலியிலிருந்து வந்ததா, திரையில் தெரிந்த நிறத்திலிருந்து வந்ததா? இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

பயிற்சிக்குக் கேளம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஓ.எம்.ஆர். சாலையில் வண்டலூர்ச் சாலையும் கோவளம் சாலையும் வந்து சேரும் ஊர் இது. தண்ணீர் லாரி, கம்பெனி பஸ், ஏர்ஹாரன் என்று இரைச்சலுக்குக் குறைவில்லை. அங்கிருந்து கோவளம் சாலையில் கிழக்கே திரும்பினால் கொஞ்ச தூரத்திலேயே உப்பளங்களும், முட்டுக்காட்டுப் பக்கம் கடலோடு சேரும் உப்பங்கழியும் வந்துவிடும். நெடுங்கால் உள்ளானும் ஆள்காட்டியும் ஆலாவும் அங்கே உண்டு; பருவத்தில் பூநாரையும் கூழைக்கடாவும் வரும். தையூர்ப் பக்கம் போனால் ஏரி. ஐப்பசி மழை பெய்து முடிந்த இரவில் தவளைச் சத்தம் காதை அடைக்கும். பேரிரைச்சலும் ஓரளவு அமைதியும் சில கிலோமீட்டருக்குள் கிடைப்பதால், அளவீட்டில் வரக்கூடிய சிக்கல் எல்லாமே இங்கே வந்துவிடுகிறது. கற்றுக்கொள்ள அதுதான் வேண்டும்.

அளக்கத் தகுந்த பதிவு

எல்லாப் பதிவும் அளக்கத் தகுந்ததல்ல. பறவையை அடையாளம் காண எம்பி3 கோப்பே போதும். அளக்க வேவ் கோப்பு வேண்டும். எம்பி3 போன்ற சுருக்க முறைகள் மனிதக் காதுக்குத் தெரியாது என்று கருதும் பகுதிகளை வெட்டி எறிந்துவிடுகின்றன. காது அதைக் கவனிக்காது, ஸ்பெக்ட்ரோகிராம் காட்டிக் கொடுத்துவிடும்: மேல்பகுதி கத்தியால் சீவியது மாதிரி நிற்கும், மெல்லிய குரல்களைச் சுற்றி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அனுப்பிய பதிவை அளக்கவே வேண்டாம். நண்பரிடமிருந்து வாங்குவதாக இருந்தால் வேவ் கோப்பை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அது மாறாமல் வந்து சேரும்.

செல்போனில் பதிவு செய்யலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதிர்வெண்ணையும் நேரத்தையும் அளக்கலாம். ஆனால் செயலியில் ஆட்டோ கெயின், இரைச்சல் நீக்கம் இரண்டையும் அணைத்தாக வேண்டும். ஆட்டோ கெயின் ஓடினால் லாரி போகும்போது மொத்தப் பதிவும் தாழும், போனபின் உயரும். குரலின் வலுவை ஒப்பிடும் வேலை அத்தோடு போயிற்று. இரைச்சல் நீக்கம் இதைவிட மோசம். அது மனிதப் பேச்சை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஒரே சுருதியில் நீளும் பூச்சிக்குரலை இரைச்சல் என்று முடிவு கட்டி அழித்துவிடும்.

சாம்பிள் விகிதத்தை 48,000-இல் வையுங்கள். அதில் பாதி, அதாவது 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பதிவில் இருக்கும். பறவைக்கும் தவளைக்கும் அது தாராளம். பூச்சி தின்னும் வௌவால்களின் குரலைப் பிடிக்க ஆடியோமோத் போன்ற கருவி வேண்டும். அது 384 கிலோஹெர்ட்ஸ் விகிதம் வரை பதிவு செய்யும். உப்பளத்தில் பதிவு செய்கிறவர்கள் காலையிலேயே வேலையை முடித்துக்கொள்வது நல்லது. பகலில் கடல்காற்று எழுந்துவிட்டால் மைக்குக்குப் பஞ்சுறை போட்டிருந்தாலும் படத்தின் அடிப்பகுதி முழுக்கக் காற்றே நிறைந்திருக்கும்.

விண்டோ: முதல் முடிவு

பதிவை ராவனிலோ ஆடாசிட்டியிலோ சோனிக் விஷுவலைசரிலோ திறந்தவுடன் அழகான படம் ஒன்று வரும். அந்தப் படம் மென்பொருள் தானாக எடுத்த சில முடிவுகளின் விளைவு. அவற்றில் முக்கியமானது விண்டோவின் நீளம். மென்பொருள் ஒலியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் என்னென்ன அதிர்வெண் எவ்வளவு வலுவில் இருக்கிறது என்று கணக்கிட்டு, அவற்றை வரிசையாக ஒட்டித்தான் படத்தை உருவாக்குகிறது. துண்டு நீளமானால் அதிர்வெண் துல்லியமாகும், நேரம் மங்கும். துண்டு குட்டையானால் நேரம் துல்லியமாகும், அதிர்வெண் மங்கும். இரண்டையும் ஒருசேரக் கூர்மையாக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

கணக்கு எளிது. 48,000 விகிதப் பதிவில் 512 சாம்பிள் விண்டோ என்றால் ஒவ்வொரு துண்டும் சுமார் 10.7 மில்லிவிநாடி, அதிர்வெண் கட்டத்தின் அகலம் சுமார் 94 ஹெர்ட்ஸ். 2048 என்றால் சுமார் 43 மில்லிவிநாடி, 23 ஹெர்ட்ஸ். விண்டோ வகைக்கு ஹான் என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் உண்மையான பிரிதிறன் இந்தக் கட்ட அகலத்தைப் போல ஏறக்குறைய 1.44 மடங்கு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த எண்களைச் செம்போத்தின் மீது வைத்துப் பார்த்தால் பொருள் விளங்கும். அதன் "கூப் கூப்" தாழ்ந்த குரல். அடிப்படை அதிர்வெண் அரை கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே. 400 ஹெர்ட்ஸ் குரலை 94 ஹெர்ட்ஸ் அகலக் கட்டத்தில் அளந்தால் கிடைக்கும் எண்ணில் பாதி ஊகம். அதற்கு 2048 சரி. ஆள்காட்டியின் குரலோ உயர்ந்தது, சட்சட்டென்று ஏறி இறங்குவது. அங்கே 512 வைத்தால்தான் ஏற்ற இறக்கத்தின் உருவம் கிடைக்கும்.

தவளைக்குரலில் விண்டோ செய்யும் வேலையை ஒவ்வொருவரும் ஒருமுறை தாங்களே பார்த்துவிட வேண்டும். பல தவளைகளின் குரல், ஒன்றையடுத்து ஒன்றாக வேகமாக வரும் துடிப்புகளின் வரிசை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் 10 மில்லிவிநாடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 128 சாம்பிள் விண்டோவில் ஒவ்வொரு துண்டும் 2.7 மில்லிவிநாடிதான், துடிப்புகள் செங்குத்துக் கோடுகளாகத் தனித்தனியே நிற்கும், எண்ணிவிடலாம். அதே பதிவை 2048-க்கு மாற்றுங்கள். ஒரு துண்டுக்குள் நான்கு துடிப்பு அடங்கிவிடுவதால் செங்குத்துக் கோடுகள் மறைந்து, அவற்றின் இடத்தில் 100 ஹெர்ட்ஸ் இடைவெளியில் கிடைக்கோடுகள் அடுக்கடுக்காக முளைக்கும். தெரியாதவர் அதைப் பார்த்துத் தவளை பல சுருதிகளை ஒன்றாக எழுப்புகிறது என்று எழுதிவிடுவார். பதிவு மாறவில்லை, தவளையும் மாறவில்லை. அதனால்தான் எந்த அளவீட்டு அட்டவணையிலும் விண்டோவின் நீளத்தை முதலில் எழுத வேண்டும் என்கிறேன். அது இல்லாத எண்ணை இன்னொருவர் சரிபார்க்கவே முடியாது.

விண்டோக்களின் மேற்பொருத்தத்தைக் கூட்டினாலும், ஒரு துண்டை எத்தனை அதிர்வெண் கட்டமாகக் காட்டுவது என்பதைத் தீர்மானிக்கும் டி.எஃப்.டி. அளவை மட்டும் பெரிதாக்கினாலும் படம் வழவழப்பாகும். பார்க்க நன்றாக இருக்கும், கோடுகளைப் பின்தொடர உதவும், ஆனால் புதிய தகவல் ஒன்றும் சேராது.

செவ்வகம் ஏன் நம்பத் தகாதது

இனி அளவீடு. வழக்கமான முறை, குரலைச் சுற்றிச் செவ்வகம் இழுப்பது. இடது ஓரம் தொடக்க நேரம், வலது ஓரம் முடிவு நேரம், கீழ் ஓரம் குறைந்த அதிர்வெண், மேல் ஓரம் உயர்ந்த அதிர்வெண். இந்தப் பழக்கம் காகிதக் காலத்தது. 1950-களில் கேம்பிரிட்ஜில் டபிள்யூ. எச். தார்ப் சாஃபிஞ்ச் குருவியின் பாட்டை ஆராய்ந்தபோது ஸ்பெக்ட்ரோகிராம் காகிதத்தில்தான் வரும், அதன் மேல் அளவுகோல் வைத்துத்தான் அளக்க முடியும். இன்று கணினி ஒவ்வொரு கட்டத்தின் வலுவையும் எண்ணாகவே வைத்திருக்கிறது. இருந்தும் நாம் திரையில் கறுப்பு எங்கே முடிகிறது என்று கண்ணால் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு குயில் கூவலைச் சுற்றிச் செவ்வகம் போட்டு நான்கு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் சற்று நகர்த்திவிட்டு, பழைய செவ்வகத்தை மறைத்து, புதிதாக ஒன்று போடுங்கள். எண்கள் மாறும். கூவலின் தொடக்கமும் முடிவும் மெல்ல எழுந்து மெல்ல அடங்குபவை. படத்தை வெளிறச் செய்தால் அந்த மெல்லிய ஓரங்கள் காணாமல் போய்க் கூவல் குறுகும், அழுத்தமாக்கினால் அகலும்.

தூரமும் இதையே செய்யும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையும். குயில் 10 மீட்டரில் இருந்தபோது எடுத்த பதிவுக்கும் 40 மீட்டரில் இருந்தபோது எடுத்த பதிவுக்கும் 12 டெசிபெல் வேறுபாடு. தூரத்துக் கூவலில் ஓரங்கள் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். கண்ணளவில் அளந்தால் குறைந்த அதிர்வெண் உயர்ந்தும் நேரம் சுருங்கியும் தெரியும்.

இதோடு சாலை இரைச்சலைச் சேருங்கள். வாகன இரைச்சலின் பெரும்பங்கு 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே, அதிலும் கீழே போகப் போக அதிகம். ஓ.எம்.ஆர். ஓரத்துப் பதிவில் குரலின் அடிப்பகுதி அந்த இரைச்சலுக்குள் மறைந்திருக்கும். தையூர் ஏரியில் தண்ணீர் ஏறினால் கரையோரக் கல்லின் அடி மறையும்; கல் மேலே எழும்பிவிட்டது என்று நாம் சொல்வதில்லை. ஸ்பெக்ட்ரோகிராமில் மட்டும் சொல்லிவிடுகிறோம். கூட்டுரோட்டுப் பறவைகளின் குறைந்த அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ் உயர்ந்திருக்கிறது என்று அட்டவணை காட்டும், நகர இரைச்சலுக்காகப் பறவை சுருதியை உயர்த்திக்கொண்டது என்ற முடிவு தானாக வந்து நிற்கும்.

பறவைகள் அப்படிச் செய்வதே இல்லை என்று சொல்லவரவில்லை. நெதர்லாந்தின் லைடன் நகரில் சாலை இரைச்சல் மிகுந்த இடங்களில் கிரேட் டிட் என்னும் பட்டாணிக்குருவி உயர்ந்த சுருதியில் பாடுகிறது என்று ஹான்ஸ் ஸ்லாபெகோர்னும் மார்க்ரீட் பேட்டும் 2003-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதைத் தொடர்ந்து உலகெங்கும் அதே கேள்வியைக் கேட்டு ஆய்வுகள் வந்தன. சூ ஆன் சோலிங்கர், ஹென்ரிக் பிரம் முதலியோர் 2012-இலும் 2017-இலும் எழுதிய கட்டுரைகளில், ஸ்பெக்ட்ரோகிராமைக் கண்ணால் பார்த்துக் குறைந்த அதிர்வெண்ணை எடுப்பது இல்லாத உயர்வை இருப்பதாகக் காட்டிவிடும் என்று எச்சரித்தார்கள். அளவு முறை சரியாக இல்லாவிட்டால் உண்மையான உயர்வையும் பொய்யான உயர்வையும் பிரித்துச் சொல்ல வழியே இல்லை. சாலைக்கும் உப்பளத்துக்கும் நடுவில் வேலை செய்கிற நமக்கு இந்த எச்சரிக்கை நேரடியாகப் பொருந்தும்.

வாசலளவு முறை

செவ்வகத்தை விட்டுவிட வேண்டியதில்லை. எந்தக் குரலை அளக்கிறோம் என்று மென்பொருளுக்குக் காட்ட அது வேண்டும். அதன் ஓரங்களை அளவாக எடுத்துக்கொள்வதுதான் கூடாது. குரலைவிடச் சற்று அகலமாகவே இழுங்கள். உள்ளே இருப்பதை மென்பொருள் அளக்கட்டும்.

ராவன் புரோவில் சிகர அதிர்வெண், மைய அதிர்வெண், 5 விழுக்காடு அதிர்வெண், 95 விழுக்காடு அதிர்வெண், 90 விழுக்காட்டு நேரம் ஆகிய அளவுகள் உண்டு. கார்னெல் பறவையியல் ஆய்வகம் வெளியிடும் இந்த மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ராவன் லைட்டில் அளவுகளின் பட்டியல் சிறியது. சிகர அதிர்வெண் என்பது வலு மிக அதிகமுள்ள இடம். மைய அதிர்வெண் மொத்த ஆற்றலையும் சரிபாதியாகப் பிரிக்கும் இடம். 5 விழுக்காடு என்பது அதற்குக் கீழே மொத்த ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே இருக்கும் புள்ளி. செவ்வகத்தைக் கொஞ்சம் அகலமாக இழுத்தாலும் சுருக்கி இழுத்தாலும் இவை பெரிதாக அசையாது.

ஆனால் இவற்றுக்கும் ஒரு பலவீனம் உண்டு. செவ்வகத்துக்குள் லாரி இரைச்சலும் இருந்தால் மென்பொருள் அதன் ஆற்றலையும் சேர்த்தே கூட்டும், 5 விழுக்காடு கீழே இழுபடும். செம்போத்தை ஓ.எம்.ஆர். ஓரத்தில் இப்படி அளந்தால் லாரியை அளந்ததாகத்தான் ஆகும். இரைச்சல் மிகுந்த பதிவுகளுக்கு நான் வாசலளவு முறையையே நம்புகிறேன். ஆடாசிட்டியிலேயே அதைச் செய்யலாம்.

குரல் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, அனலைஸ் பட்டியலில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைத் திறங்கள். அதிர்வெண் கிடைமட்டமாகவும் வலு செங்குத்தாகவும் ஒரு வளைகோடு வரும். குயிலின் சிகரம் மைனஸ் 32 டெசிபெலில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 20 டெசிபெல் கீழே (இந்த 20 டெசிபெல்தான் வாசல்), மைனஸ் 52-இல், வளைகோடு இடப்பக்கம் எந்த அதிர்வெண்ணில் வெட்டுகிறதோ அது குறைந்த அதிர்வெண். வலப்பக்கம் வெட்டுவது உயர்ந்த அதிர்வெண். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்ததா என்ற பேச்சே இங்கு இல்லை. வளைகோட்டின் எண்களை எக்ஸ்போர்ட் செய்து விரிதாளில் திறந்தால் வெட்டும் புள்ளியைச் சரியாக எடுக்கலாம்.

இப்போது இரைச்சலை அளக்க வேண்டும். குயில் கூவுவதற்குச் சற்று முன்பு, அதே நீளத்தில், குரல் இல்லாத பகுதியைத் தேர்ந்தெடுத்து அதே வளைகோட்டை வரையுங்கள். குரல் வெட்டும் இடத்தில் இரைச்சல் மைனஸ் 48-இல் இருந்தால், நீங்கள் எடுத்த மைனஸ் 52 இரைச்சலுக்கு அடியில் கிடக்கிறது. அந்த எண் குயிலுடையதல்ல. சிகரத்துக்கும் இரைச்சலுக்கும் இடையே அங்கே 16 டெசிபெல்தான் இருக்கிறது. ஆகவே வாசலை 10 டெசிபெலாகக் குறைக்க வேண்டும். அதை இந்த ஒரு பதிவுக்கு மட்டும் குறைத்தால் ஒப்பீடு கெட்டுவிடும். உங்களிடம் உள்ளவற்றில் மிக இரைச்சலான பதிவு எந்த வாசலைத் தாங்குகிறதோ அதையே எல்லாப் பதிவுக்கும் வையுங்கள், உப்பளத்தின் நடுவே எடுத்த துல்லியமான பதிவுக்கும் சேர்த்து. 10 டெசிபெலையும் தாங்காத பதிவைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், குறிப்பாக அரிய பறவை என்றால். அதைக் கேட்டு மகிழலாம், ஆவணமாக வைக்கலாம், அட்டவணையில் சேர்க்கக் கூடாது.

இப்படிக் கவனமாக எடுத்த எண்களை வைத்துப் பெரிய கேள்விகளைக் கேட்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரத்துச் சோலைக்காடுகளில் மட்டும் வாழும் ஷோலிகோலா இனச் சிறுபறவையின் பாட்டுகளை அளந்து, பழங்காலத்திலேயே மரபணு அளவில் பிரிந்த கூட்டங்களையும் அண்மைக் காடழிப்பால் பிரிந்த கூட்டங்களையும் சேதனா புருஷோத்தமும் வி. வி. ராபினும் ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். காடு துண்டானதன் தடயத்தைப் பாட்டில் தேட முடிகிறது என்றால், அதற்கு அடியில் நிற்பவை ஒவ்வொரு பாட்டிலும் பொறுமையாக எடுத்த இந்த மாதிரி அளவுகள்தான்.

பறவையல்லாத கோடுகள்

கேளம்பாக்கம் பதிவுகளில் அடிக்கடி வரும் சில கோடுகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 100, 200, 300 ஹெர்ட்ஸில் நூல் பிடித்தாற்போல் முடிவில்லாமல் ஓடும் கிடைக்கோடுகள் டிரான்ஸ்ஃபார்மருடையவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதன் இரைதல் 100-இன் மடங்குகளில் வரும். செம்போத்தை அளக்கும்போது இவை குறுக்கிடும். ஏர்ஹாரன் சமஇடைவெளியில் அடுக்கிய கோடுகளாக வந்து சட்டென முடியும். லாரி நெருங்கி விலகும்போது அந்த அடுக்கு கீழ்நோக்கிச் சரியும். மேலிருந்து கீழ்வரை முழுப் படத்தையும் கிழிக்கும் செங்குத்துக் கோடு பெரும்பாலும் மைக்கில் எதுவோ தட்டியது. பதிவு அளவு மீறி வெட்டுப்பட்டிருந்தால், உண்மைக் குரலுக்கு மேலே இல்லாத மடங்குகள் தோன்றும்; அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உச்சிகள் தட்டையாக இருப்பது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட குரலில் நேரத்தை வேண்டுமானால் அளக்கலாம்.

டெசிபெல் பற்றி ஒரு வார்த்தை. ஆடாசிட்டி காட்டும் மைனஸ் எண்கள், பதிவுக்கருவி தாங்கும் உச்ச அளவைப் பூஜ்யமாக வைத்துச் சொல்பவை. அவற்றை ஒலிமாசு விதிகளின் எண்களோடு ஒப்பிட முடியாது. 2000-ஆம் ஆண்டு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று சொல்வது காற்றில் உள்ள ஒலியழுத்தத்தை. சாலையோரக் குடியிருப்பில் இரைச்சல் பற்றிப் புகார் எழுத நினைப்பவர், 1 கிலோஹெர்ட்ஸில் 94 டெசிபெல் எழுப்பும் காலிபிரேட்டரை மைக்கில் பொருத்தி ஒரு பதிவு எடுத்து, அதே கெயினில் மற்றவற்றையும் எடுத்திருந்தால் மட்டுமே தன் எண்ணை அந்த 55-இன் பக்கத்தில் வைக்கலாம்.

அட்டவணை

ஒவ்வொரு வரியிலும் கோப்பின் பெயர், குரலின் தொடக்க நேரம், அளவுகள், வாசல் எத்தனை டெசிபெல், இரைச்சல் எத்தனை டெசிபெல் கீழே என்பவை இருக்கட்டும். சாம்பிள் விகிதம், விண்டோ வகை, நீளம் ஆகியவை தாளின் தலைப்பில். ராவனில் அளந்தால் செலக்ஷன் டேபிளைக் கோப்போடு சேர்த்துச் சேமித்துவிடுங்கள். பிறகு யார் திறந்தாலும் எந்தக் குரலை அளந்தீர்கள் என்பது தெரியும்.

அளப்பவருக்கு இடம் தெரியக் கூடாது. "கூட்டுரோடு", "உப்பளம்" என்ற பெயர்களைக் கோப்புகளிலிருந்து எடுத்துவிட்டு வெறும் எண் கொடுத்து, வரிசையைக் கலைத்து, எந்த எண் எந்த இடம் என்ற பட்டியலை வேறொருவரிடம் கொடுத்துவையுங்கள். சாலையோரப் பறவை உயர்ந்து பாடும் என்று நம்புகிறவரின் கை, தெரியாமலேயே செவ்வகத்தைச் சற்று மேலே தள்ளிவிடும். அளந்து முடித்த பிறகு பத்தில் ஒரு பங்கு குரல்களை இன்னொருவர் முதல் எண்களைப் பார்க்காமல் மறுபடி அளக்கட்டும். இருவர் எண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றிரண்டு கட்ட அகலத்துக்குள், 2048 விண்டோவில் என்றால் 50 ஹெர்ட்ஸுக்குள், இருந்தால் தொடரலாம். அதற்கு மேல் போனால் எந்தக் குரல்களில் போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அவை இரண்டு பறவை ஒரே நேரத்தில் கூவிய இடங்களாகவோ, வாசலுக்கு மிக அருகே இரைச்சல் நின்ற இடங்களாகவோ இருக்கும். முதல் வகையை நீக்கிவிடுங்கள். இரண்டாவது வகை நிறைய இருந்தால், வாசலை இன்னும் சில டெசிபெல் குறைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும்.